கட்டு மாற்றும் நேரத்தில் விஆர் கண்ணாடியைப் பயன்படுத்துவது எப்படி

காயங்களுக்குக் கட்டு மாற்றும் அறையிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த செவிலியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட எங்கள் சிறிய மருத்துவமனைக்கு வரும் காயங்கள் பெரும்பாலும் இந்த மண்ணின் வேலைகளோடு வருபவை: அறுவடையில் கருக்கரிவாள் பட்ட விரல், நெல் அவிக்கும் அண்டாவிலிருந்து கொதிநீர் கொட்டிய தொடை, பாம்புக்கடியிலிருந்து உயிர் தப்பிய பின்னும் சதை அழுகி ஆறாமல் கிடக்கும் கணுக்கால், இவை எல்லாவற்றையும் விட எண்ணிக்கையில் மிகுந்த சர்க்கரைப் புண். இவர்களில் பலருக்கு முதல் நாள் பட்ட வலியைக் காட்டிலும், அதன் பின் வாரக்கணக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டுப் பிரித்துக்கொள்ளும் வலிதான் பெரிது. அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்க ஒரு மருத்துவர் இருக்கிறார். அன்றாடக் கட்டு மாற்றத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. அந்தப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மெய்நிகர்க் கருவியை, வார்டில் நாங்கள் சொல்வதுபோல் விஆர் கண்ணாடியை, எப்படிப் பொறுப்போடு பயன்படுத்துவது என்பதே இந்தக் கட்டுரை. டயாலிசிஸுக்கு ஊசி குத்தும்போதும், நரம்பு எளிதில் கிடைக்காதவர்களுக்கு ஊசி போடும்போதும், தையல் பிரிக்கும்போதும் பெரும்பாலும் இதே முறைதான்.

எப்படிச் செய்வது என்பதற்கு முன், ஏன் வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது புரியாதவர் கையில் கருவி வெறும் விளையாட்டுப் பொருளாகிவிடும். வலியை உணர்வதற்குக் கவனம் வேண்டும். வரப்பில் ஓடி விளையாடிவிட்டு வந்த குழந்தை, காலில் முள் ஏறியிருப்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பிறகே அழத் தொடங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முள் அதுவரையும் காலில்தான் இருந்தது, கவனம்தான் வேறிடத்தில் இருந்தது. காயத்திலிருந்து புறப்படும் செய்தி முதுகுத்தண்டைக் கடக்கும் இடத்திலேயே அதைத் தணிக்கவோ கூட்டவோ வல்ல ஒரு வாயில் இருக்கிறது என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அந்த வாயிலை இயக்குகின்றன என்றும் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965-இல் விளக்கினார்கள். விஆர் கண்ணாடி கண்ணையும் காதையும் ஒருசேர மூடிவிட்டு வேறோர் இடத்தைக் காட்டுவதால், வலிக்குச் செல்லவேண்டிய கவனத்தில் பெரும்பகுதியை அது தனக்கென்று எடுத்துக்கொள்கிறது.

இதை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர்கள் தீக்காய நோயாளிகளோடு பழகியவர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990-களின் பிற்பகுதியில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். புண்ணைக் கழுவும்போது மறுபடியும் தீப்பட்டதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் சொன்னதால், அவர்களுக்கென்றே பனி மூடிய பள்ளத்தாக்கு ஒன்றை உருவாக்கினார்கள். நோயாளி அதில் மிதந்து செல்கையில் பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறியலாம். ஸ்னோவேர்ல்ட் என்பது அதன் பெயர். 2004-இல் வெளிவந்த அவர்களுடைய மூளை ஸ்கேன் ஆய்வில், காலில் வெப்பத்தால் அளவான வலி தரப்பட்ட தன்னார்வலர்கள் இந்த உலகத்துக்குள் இருந்தபோது, வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருப்பது தெரிந்தது. ஆகவே நோயாளி நம்மைத் திருப்திப்படுத்துவதற்காக ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்கிறாரோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. தீக்காயக் கட்டு என்றால் என்ன என்பதை எங்கள் பகுதி மறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். பிழைத்த குழந்தைகளும் தீக்காயத்தோடுதான் பிழைத்தார்கள்.

இந்த விளக்கத்திலிருந்து நடைமுறைக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வலி தொடங்கிய பிறகு கண்ணாடியை மாட்டினால் பயன் குறைவு, ஏனெனில் கவனம் அதற்குள் காயத்தில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவதாக, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைவிட எதையாவது செய்துகொண்டிருப்பது கவனத்தை நன்றாகப் பிடித்து வைக்கும்.

எங்கே பயன்படுத்தக் கூடாது

இது மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. மருத்துவர் எழுதிய வலி மாத்திரையை வேளையோடு கொடுக்காமல், ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீர் விட்டு ஊறவைக்காமல், காய்ந்த கட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, ‘கண்ணாடி வேலை செய்யவில்லை’ என்று சொல்வது நியாயம் ஆகாது. தோலை மரக்கச் செய்யும் களிம்பு பூசினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை விஆர் மிச்சப்படுத்தித் தராது.

வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைச்சுற்றல் அல்லது கடுமையான ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள், தலையில் அண்மையில் அடிபட்டவர்கள், குமட்டலோடு வருபவர்கள், மனக்குழப்பத்தில் இருப்பவர்கள், முகத்திலோ தலையிலோ புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாட்டக் கூடாது. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் கண் சிவந்திருப்பவர்களை விலக்கிவிடுவதோடு, கருவியையே சில நாட்கள் எடுத்து வைத்துவிடுவது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், காதில் கருவி பொருத்தியிருப்பவர்கள் போன்றோருக்கு, தயாரிப்பாளர் தந்திருக்கும் எச்சரிக்கைக் குறிப்பைப் படித்து, மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். குழந்தைகளுக்கான வயது வரம்பை ஒவ்வொரு நிறுவனமும் 10, 12, 13 என்று வெவ்வேறாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அம்மாவின் மடியும், சோப்புக் குமிழ் ஊதுவதும், கையில் ஒரு டேப்லெட்டும் போதும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் புண்ணைத் தொட்டாலும் வலிப்பதில்லை என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் திடீரென்று வலிக்கிறது என்றால், அந்த வலி உள்ளே சீழ் கட்டுகிறது என்ற தகவலாக இருக்கக்கூடும். அன்று எடுக்க வேண்டியது கண்ணாடி அல்ல. மருத்துவரை அழைத்துக் காலைக் காட்ட வேண்டும்.

கருவியும் காட்சியும்

கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது தலை திரும்புவதை மட்டும் அறியும், உடல் நகர்வதை அறியாது, காட்சிப் பரப்பும் குறுகியது; ஒரு ஊசி போடும் நேரத்துக்குச் சமாளிக்கலாம், கட்டு மாற்றத்துக்குப் போதாது. கைப்பேசி இல்லாமல் தனித்து இயங்கும் ஹெட்செட்டே, அதாவது தலையில் மாட்டும் முழுக் கருவியே, பொருத்தமானது. அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ என்பதை மறக்கக் கூடாது, ஏனெனில் மெலிந்த கழுத்துள்ள மூதாட்டிக்கு அது பெரும் பாரம். கட்டிலின் தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி, பிடரிக்குச் சுருட்டிய துண்டு ஒன்று கொடுத்தால் பாரம் தலையணைக்குப் போய்விடும். கண்ணுக்கு முன்னிருக்கும் வில்லைகளின் (லென்ஸ்) இடைவெளியை ஒவ்வொருவருக்கும் சரிசெய்ய வேண்டும். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர், ஆனால் ஆளுக்கு ஆள் அது மாறும். மங்கலாகத் தெரிகிற காட்சியைப் பொறுத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பவர்கள் எங்கள் பக்கம் அதிகம், ஆகவே ‘எழுத்து தெளிவாகத் தெரிகிறதா’ என்று நாமே கேட்க வேண்டும்.

நோயாளி சாய்ந்தோ மல்லாந்தோ படுத்திருக்கும்போது காட்சியின் நடுவை மறுபடி அமைக்காவிட்டால், அவருக்கு வெறும் வானமும் மரக்கிளையும் மட்டுமே தெரியும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தொடக்கத்தில் எங்களுக்குப் பாதி நாட்கள் வீணானதற்கு இதுவே காரணம். நோயாளி பார்ப்பதை ஒரு கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ நாமும் பார்க்கும்படி இணைத்து வைத்துக்கொண்டால் இத்தகைய குறைகளை உடனே திருத்தலாம். காட்சிகளை முன்கூட்டியே கருவிக்குள் இறக்கி வைத்துவிட வேண்டும். கட்டு பாதி பிரிந்திருக்கும்போது வைஃபை சுற்றிக்கொண்டு நின்றால் நோயாளியின் நம்பிக்கை போய்விடும்.

காட்சியைத் தேர்வதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு: கேமரா நகரக் கூடாது. ரோலர் கோஸ்டர், பறக்கும் காட்சி, ஓடும் படகு ஆகியவை படுத்திருப்பவருக்குக் குமட்டலைக் கொண்டுவரும், ஏனெனில் கண் நகர்கிறது என்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நகரவில்லை என்று சொல்லும். மெதுவாக, ஒரே சீராக மிதந்து செல்லும் காட்சிகளைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள்; முதல் தடவைக்கு அதுவும் வேண்டாம்.

பனிப்பள்ளத்தாக்கு எங்கள் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அறுபது வயதைக் கடந்த உழவுக் குடும்பத்து ஆட்களுக்கு அதில் ஒட்டுவதில்லை. ஆகவே சுற்றிலும் எல்லாப் பக்கத்தையும் ஒருசேரப் படமெடுக்கும் 360 பாகைக் கேமரா ஒன்றை வாங்கி, மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆற்றில் புதுவெள்ளம் வந்த நாட்களில், காவிரிப் படித்துறை ஒன்றில் நாங்களே படம் எடுத்தோம். கேமராவைத் தாங்கும் முக்காலியை, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ நாலடிக்கு வைத்து, பன்னிரண்டு நிமிடம் அசையாமல் விட்டுவிட வேண்டும். யாரும் குளிக்க வராத விடியற்காலையாக இருக்க வேண்டும், ஏனெனில் பிறர் குளிப்பதைப் படமெடுத்து வார்டில் காட்ட நமக்கு உரிமையில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எடுக்கலாம் என்று நினைப்பவர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதால் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை என்பதை அறிந்து செல்லவும். ஒலியைத் தனியாகவும் நன்றாகவும் பதிய வேண்டும். படியில் அலை மோதும் ஓசைதான் அந்தக் காட்சியில் பாதி.

அந்தப் படத்தை முதலில் பார்த்தவர், பாதத்தில் சர்க்கரைப் புண்ணோடு வந்த ஒரு மூதாட்டி. கண்ணாடியை மாட்டிய சிறிது நேரத்தில் அவருடைய வலக்கை கட்டில் ஓரமாகக் கீழே இறங்கி, விரல்களை விரித்துத் தண்ணீரைத் தேடியது. ‘தண்ணி புதுசா வருது, செம்மண்ணா இருக்கு’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் விளிம்பில் இருந்த செத்த தோலை நறுக்கிக்கொண்டிருந்தேன். முந்தைய தடவை அதே இடத்தில் காலை இழுத்துக்கொண்டவர் அவர்.

வெறும் வீடியோவில் செய்வதற்கு ஒன்றுமில்லையே என்றால், அதற்கு ஒரு வழி இருக்கிறது. நாம் ஒரு வேலை கொடுக்க வேண்டும். ‘அக்கரையில் எத்தனை கொக்கு வந்து உட்காருகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள் அம்மா’ என்றால் போதும். பார்ப்பவர் தேடத் தொடங்கிவிடுவார். நடுவில் ஒருமுறை ‘இப்போது எத்தனை?’ என்று கேட்பதும் மிகவும் உதவுகிறது.

நடத்தும் முறை

நோயாளி வந்ததும் வலி மாத்திரை கொடுத்தாயிற்றா, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில்தான் கட்டைத் தொட வேண்டும். மேல்கட்டைப் பிரித்து, ஒட்டியிருக்கும் அடித்துணியில் உப்புநீர் விட்டு ஊறப் போட்டுவிட்டால், அது ஊறும் நேரத்தில் கண்ணாடியை அறிமுகப்படுத்தலாம். முதலில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எதையும் மாட்டுவதற்கு முன், ‘இதைப் போட்டால் எங்களை உங்களால் பார்க்க முடியாது, ஆனால் பேசுவது கேட்கும், வேண்டாம் என்றால் இடக்கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவோம்’ என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. நம் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பயம் இல்லை என்று சிலர் சொல்வார்கள், அதுவும் நியாயமானதே.

தலைக்கு வருவோம். எண்ணெய் தடவிய கூந்தலும், கொண்டையும், மல்லிகைச் சரமும் இருக்கும் தலைக்காக இந்தக் கருவி வடிவமைக்கப்படவில்லை. கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொள்ளச் சொல்லலாம், பூவை எடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தரலாம். கருவியின் வார் காதுத் தோட்டில் மாட்டி இழுக்காதவாறு பார்க்க வேண்டும். நெற்றி விபூதியும் குங்குமமும் கருவியின் பஞ்சில் ஒட்டும். அழித்துவிடச் சொல்வது பலருக்கு மனவருத்தம் தரும் என்பதால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் துணி உறையை முகத்துக்கும் கருவிக்கும் இடையில் போடுவதே சரி. சித்திரை வைகாசிப் புழுக்கத்திலும், ஏசி அறைக்குள் நுழைந்த சில நிமிடங்களிலும் வில்லையில் ஆவி படியும். பத்து நிமிடம் முன்பே கருவியை இயக்கி வைத்தால் வில்லை சற்றே சூடாகி, அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

காட்சி தொடங்கி மூன்று நிமிடம் வரை புண்ணைத் தொடக் கூடாது. இந்த மூன்று நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், பலன் கெடுவதும் இங்கேதான். நோயாளியின் மூச்சு சீராகி, தலை மெல்லத் திரும்பிச் சுற்றிலும் பார்க்கத் தொடங்கியதும் வேலையை ஆரம்பிக்கலாம். அப்போதும் முதல் தொடுகையைச் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்: ‘காலைப் பிடிக்கிறேன், பஞ்சு குளிர்ச்சியாக இருக்கும்.’

இந்த விதியை ஒரு பிழையிலிருந்து கற்றேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், கொதிக்கும் கஞ்சி கொட்டிய முன்கையோடு வந்தான். பனிப்பந்து விளையாட்டில் அவன் மூழ்கியிருந்ததைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமலேயே துணியை எடுத்துவிட்டேன். அன்று அவன் ஒரு முறை முனகியதோடு வேலை முடிந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்தபோது கண்ணாடியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ‘அதப் போட்டா நீங்க சொல்லாமப் பண்ணுவீங்க சிஸ்டர்’ என்றான். அவன் சொன்னது உண்மை. அதன் பிறகு அவனிடம் மூன்று கட்டு மாற்றங்களுக்குக் கருவியைக் கொண்டுபோகவே இல்லை. ஒவ்வொரு தொடுகையையும் சொல்லிச் சொல்லிச் செய்தோம், நான்காவது தடவை அவனே கேட்டான். விவரமாகச் சொல்ல வேண்டுமா, ‘தொடுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதுமா என்பதை இப்போது ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். ஒலியையும் நம் குரல் கேட்கும் அளவுக்கே வைக்கிறோம்.

கண்ணாடி முகத்தின் பாதியை மறைத்துவிடுவதால், வலிக்கிறதா என்பதை நாம் வழக்கமாகப் படிக்கும் கண்களும் புருவமும் தெரியாமல் போகின்றன. உதடு, கால் விரல், கைப்பிடி ஆகியவற்றைப் பார்க்க ஒருவர் தனியாக வேண்டும். உதடு வெளுத்து வியர்த்தால் உடனே கழற்றிவிட்டு, தலைமாட்டைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, டூட்டி டாக்டரை அழைக்க வேண்டும். விரலில் ஆக்சிஜன் அளவும் நாடித்துடிப்பும் காட்டும் கருவியை மாட்டி வைப்பது நல்ல பழக்கம். தனியாளாகக் கட்டு மாற்றும் நேரத்தில் விஆர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு. பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக அறுவை மூலம் தமனியையும் சிரையையும் இணைத்த இடம், உள்ள கை அசையவே கூடாது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு தடிமனான ஊசிகள் அதில்தான் ஏறுகின்றன. ஆகவே கையால் ஆடும் விளையாட்டுகளை விலக்கி, பார்வையாலேயே குறிவைக்கும் விளையாட்டையோ, மறு கையில் ஒரே பொத்தானை அழுத்தும் விளையாட்டையோ கொடுக்க வேண்டும். ஊசி ஏறி, குழாய் ஒட்டி, ஓட்டம் சீரான பின் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். நான்கு மணி நேரமும் மாட்டியிருக்கத் தேவையில்லை. அத்தனை நேரம் போட்டால் கண்ணும் கழுத்தும் நோகும். பொதுவாக எந்தச் சிகிச்சைக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் போனால் ஒரு இடைவெளி விடுங்கள்.

முடிந்த பின்

புதிய கட்டுப் போட்டு முடித்த பிறகு ஓரிரு நிமிடம் காட்சி ஓடட்டும், பிறகு சொல்லிவிட்டுக் கழற்றவும். ஐந்து நிமிடமாவது உட்கார வைத்த பின்பே நடக்க விட வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் தானே ஓட்டி வந்தவரை இன்னும் சற்று நேரம் இருக்கச் சொல்வது நல்லது.

உடனே மூன்று கேள்விகள் கேட்டு நோட்டில் எழுத வேண்டும்: வலி அதிகமாக இருந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு தொந்தரவாக இருந்தது, வலியைப் பற்றி எவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். ஹாஃப்மன் குழுவினரும் ஏறத்தாழ இவற்றையே 0 முதல் 10 வரையான அளவில் கேட்டார்கள். மூன்றாவது கேள்விதான் கருவி தன் வேலையைச் செய்ததா என்பதைக் காட்டும். எண்ணில் சொல்லத் தயங்கும் முதியவர்களிடம் ‘ரூபாய்க்கு எத்தனை வலி’ என்று கேட்டுப் பாருங்கள். நாலணா, எட்டணா, முக்கால்வாசி என்று தயக்கமில்லாமல் சொல்லிவிடுவார்கள். அதை 2.5, 5, 7.5 என்று எழுதிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு முகப் படங்கள் ஆறு கொண்ட அட்டை போதும். குமட்டல் இருந்ததா என்பதையும், கண்ணாடி இல்லாமல் கட்டு மாற்றிய நாளின் எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டு தடவை முயன்றும் எண் குறையாதவருக்கு மூன்றாவது தடவை மாட்ட வேண்டாம், வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாகச் சுத்தம். துணி உறையை மருத்துவக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு, முகம் படும் பகுதியையும் வாரையும் கட்டுப்படுத்திகளையும் தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினித் துடைப்பானால் துடைத்து, அது தானாக உலரும் வரை விட வேண்டும். பஞ்சு முகப்பைக் கழற்றிவிட்டுச் சிலிக்கான் முகப்பைப் போட்டுக்கொண்டால் வியர்வையும் எண்ணெயும் உள்ளே ஊறாது. வில்லையில் ஸ்பிரிட் படவே கூடாது, அதன் பூச்சு கெட்டுவிடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். சன்னல் வெயில் வில்லையில் விழுந்தால் உள்திரை கருகும் என்பதால், வில்லைப் பக்கத்தை மூடி அலமாரிக்குள் வைத்து, மின்சாரம் இருக்கும்போதே சார்ஜில் போட்டுவிடுங்கள்; இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் பேட்டரி தாங்காது, மறுநாள் காலை எட்டரை மணிக்கு வரிசையில் முதல் ஆள் உட்கார்ந்திருப்பார்.